பதவிக்கா, பரம்பரைக்கா?

பிரிட்டிஷ் மன்னரின் அலுவல் செலவுக்காக அந்நாட்டுக் கருவூலம் ஆண்டுதோறும் ஒதுக்கும் தொகைக்கு ‘சாவரின் கிராண்ட்’ என்று பெயர். 2011இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி 2012 ஏப்ரல் முதல் இந்த அரச மானியம் வழங்கப்பட்டுவருகிறது. முதலாண்டில் 3.1 கோடி பவுண்டாக இருந்தது, 2024–25இல் 8.63 கோடியாகவும் அதற்கடுத்த ஆண்டே 13.21 கோடியாகவும் ஏறிவிட்டது. அரண்மனைப் பராமரிப்பு, ஊழியர் சம்பளம், அலுவல் பயணம், அரசு விருந்துகள் எல்லாம் இதில் அடங்கும். காவலுக்கு ஆகும் செலவு அடங்காது. பாதுகாப்பைக் காரணம் காட்டி அந்தத் தொகையை அரசு வெளியிடுவதே இல்லை. 2023 மே மாதம் மூன்றாம் சார்லஸ் முடிசூடிய விழாவுக்கு அரசு செலவிட்ட சுமார் 7.2 கோடி பவுண்டும் மானியக் கணக்கில் வராதது.

பிறப்பினால் ஒருவருக்கு வந்து சேரும் பதவிக்கு மக்கள் பணம் தர வேண்டுமா என்ற கேள்வி ஸ்வீடன், டென்மார்க், நார்வே, நெதர்லாந்து, ஸ்பெயின், ஜப்பான் என்று பல மக்களாட்சி நாடுகளில் உண்டு. அங்கெல்லாம் நாடாளுமன்றம் ஒரு தொகையை ஒதுக்குகிறது. அது கூடுதலா குறைவா என்று பேசிக்கொள்கிறார்கள். பிரிட்டனில் மட்டும் கேள்வி எழும் முன்பே ஒரு பதில் தயாராக இருக்கிறது. மன்னர் வாங்குவதைவிடக் கொடுப்பது அதிகம், ஆகவே முடியாட்சியால் நாட்டுக்குச் செலவே இல்லை என்பது அந்தப் பதில். பள்ளிப் பிள்ளைகள் முதல் பத்திரிகைத் தலையங்கம் எழுதுபவர்கள் வரை அதைச் சொல்கிறார்கள். மொத்த விவாதமும் தங்கியிருப்பது அதன் மேல்தான் என்பதால் அதை விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மானியத்தைக் கணக்கிடும் முறையே அந்தப் பதிலுக்கு ஊற்று. ‘கிரவுன் எஸ்டேட்’ என்பது லண்டன் ரீஜன்ட் தெருவின் கட்டடங்கள், வின்ட்சர் பெரும்பூங்கா, நாடெங்கும் உள்ள விளைநிலங்கள், இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக் கரைகளிலிருந்து 12 கடல் மைல் வரையிலான கடலடித்தளம் ஆகியவற்றைக் கொண்ட சொத்துத் தொகுதி. அதன் லாபம் முழுவதும் கருவூலத்துக்குப் போகிறது. ஈராண்டுக்கு முந்தைய லாபத்தில் குறிப்பிட்ட விழுக்காடு எவ்வளவோ அவ்வளவு தொகை மானியமாகிறது. முதலில் 15 விழுக்காடு. பக்கிங்காம் அரண்மனையின் மின்கம்பிகளையும் குழாய்களையும் மாற்றும் 36.9 கோடி பவுண்டுப் பணிக்காக 2017இல் அது 25 ஆக்கப்பட்டது. பின்னர் காற்றாலைகள் வந்தன. கடலில் காற்றாலை நிறுவ விரும்பும் நிறுவனங்கள் கடலடித்தளத்துக்குப் பெரும் கட்டணம் கட்டத் தொடங்கியதும் கிரவுன் எஸ்டேட்டின் லாபம் 2023–24இல் 110 கோடி பவுண்டைத் தொட்டது. அதை எதிர்பார்த்து விழுக்காட்டை 12ஆகக் குறைத்தார்கள். குறைத்த பிறகும் மானியம் ஒரே ஆண்டில் பாதிக்கு மேல் கூடியது. அரண்மனைப் பணிக்கு அது தேவைப்பட்டது என்று அரசுத் தரப்பில் விளக்கம் தரப்பட்டது.

இதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். வட கடலில் வீசும் காற்றுக்கும் ஒரு குடும்பத்தின் அலுவல் செலவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ தொகை ஒதுக்கும்போது இந்த ஆண்டு தேவை என்ன என்றுதான் கேட்பார்கள். இங்கே கேள்வியே இல்லை. வேறெங்கோ வரும் லாபம் ஏறினால் மானியமும் ஏறும். லாபம் இறங்கினால் இறங்குமா என்றால் அதுவும் கிடையாது. முந்தைய ஆண்டுத் தொகைக்குக் கீழே மானியம் போகக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. விலைவாசி ஏறிக் குடும்பங்கள் குளிர்காலத்தில் வீட்டைச் சூடேற்றத் தயங்கிய ஆண்டுகளிலும் இந்தத் தொகை குறையாது என்ற உத்தரவாதம் இருந்தது.

கிரவுன் எஸ்டேட் மன்னரின் சொத்து, அதை அவர் நாட்டுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார், பதிலுக்கு ஒரு சிறு பங்கை மட்டும் பெறுகிறார் என்பதே வழக்கமான வாதம். வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. 1760இல் மூன்றாம் ஜார்ஜ் அரியணை ஏறியபோது அரச நிலங்களின் வருமானத்தை நாடாளுமன்றத்திடம் ஒப்படைத்து ஆண்டுக்கு 8 லட்சம் பவுண்டு ‘சிவில் லிஸ்ட்’ தொகையைப் பெற்றுக்கொண்டார். அந்த வருமானம் அவர் குடும்பம் உண்டு உடுத்துவதற்காக மட்டும் ஏற்பட்டதன்று. நீதிபதிகளுக்கும் தூதர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் சம்பளம் தருவது அந்நாளில் மன்னரின் பொறுப்பு. அதற்கான நிதியாகவே அந்த நிலங்கள் அவரிடம் இருந்தன. ஒப்படைக்கும் காலத்தில் வருமானம் செலவுக்குப் போதவில்லை. அதன் பின்னும் மன்னர் பட்ட கடனை நாடாளுமன்றம் அடைக்க வேண்டியிருந்தது. நான்காம் வில்லியம் ஆட்சிக்கு வந்த 1830–31இல்தான் அரசு நிர்வாகச் செலவுகள் சிவில் லிஸ்டிலிருந்து முழுவதும் பிரிக்கப்பட்டன. ஆக, கைமாறியது வருமானம் மட்டும் அல்ல, கடமையும்கூட. நிலத்தைத் திரும்பக் கேட்பவர், நீதிமன்றங்களையும் தூதரகங்களையும் தம் கைப்பணத்தில் நடத்தவும் முன்வர வேண்டும்.

தமிழ்நாட்டுக் கோயில் வழக்கம் தெரிந்தவருக்கு இது எளிதில் விளங்கும். பரம்பரை அறங்காவலர் தலைமுறை தலைமுறையாகக் கோயில் நிலத்தைப் பார்த்துக்கொள்ளலாம், முதல் மரியாதையும் பெறலாம். அதற்காகக் குத்தகை நெல்லைத் தம் குடும்பம் ஊருக்குக் கொடுத்த கொடை என்று சொல்லிக்கொள்ள அவருக்கு உரிமை கிடையாது. நிலம் சாமிக்குச் சொந்தம். கிரவுன் எஸ்டேட்டும் அப்படித்தான் முடிக்குச் சொந்தம்; முடி என்பது இங்கே அரசு. மன்னர் அதை விற்க முடியாது, மகளுக்குச் சீதனமாகக் கொடுக்க முடியாது, பதவி துறந்தால் கூடவே எடுத்துச் செல்லவும் முடியாது. 1936இல் எட்டாம் எட்வர்டு முடி துறந்தார். பால்மோரலும் சாண்ட்ரிங்காமும் தனிச் சொத்துகள் என்பதால் அவரிடமிருந்து அவருடைய தம்பி அவற்றைப் பணம் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. கிரவுன் எஸ்டேட்டை வாங்கும் பேச்சே எழவில்லை. அது தானாகவே அடுத்தவரின் பெயருக்கு வந்துவிட்டது. எது குடும்பத்துடையது, எது பதவியுடையது என்பதை அந்த ஒரு நிகழ்ச்சி தெளிவாகவே காட்டிவிட்டது.

அந்த எல்லை அவ்வளவு தெளிவாக இல்லாத இடங்களும் உண்டு. மானியத்துக்கு அப்பால் ‘டச்சி’ எனப்படும் பரம்பரைச் சொத்துத் தொகுதிகள் உண்டு. மன்னருக்கு லங்காஸ்டர் டச்சியிலிருந்தும், பட்டத்து இளவரசருக்கு கார்ன்வால் டச்சியிலிருந்தும் வருமானம் வருகிறது. கார்ன்வால் டச்சி 1337இல் மூன்றாம் எட்வர்டு தம் மகனுக்காக உண்டாக்கியது. இரண்டும் இன்று ஆண்டுக்குத் தலா 2 கோடி பவுண்டுக்கு மேல் தருகின்றன. இவை நிறுவன வரி கட்டுவதில்லை. மூலதன ஆதாய வரியும் இல்லை. ஆனாலும் வணிக நிறுவனங்களைப் போலவே வாடகை வாங்குகின்றன. டார்ட்மூர் சிறைச்சாலை கார்ன்வால் டச்சியின் நிலத்தில் இருக்கிறது. கட்டடத்தில் கதிரியக்க ரேடான் வாயு மிகுந்திருப்பது தெரிந்து 2024இல் கைதிகள் அனைவரையும் வேறிடம் மாற்றிவிட்டார்கள். காலியான சிறைக்கு பிரிட்டிஷ் நீதித் துறை ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் பவுண்டு வாடகையைத் தொடர்ந்து கட்ட வேண்டியிருந்தது. வரி செலுத்துபவரின் பணம், வரி செலுத்தாத டச்சிக்கு, யாரும் இல்லாத கட்டடத்துக்காகப் போயிற்று.

இன்னொரு வழக்கம் இதைவிட மனத்தை உறுத்துவது. இங்கிலாந்தில் உயில் எழுதாமலும் உறவினர் இல்லாமலும் ஒருவர் இறந்தால் அவர் விட்டுச்சென்றது கருவூலத்துக்குப் போகும். கார்ன்வாலிலோ, பழைய லங்காஸ்டர் எல்லைக்குள்ளோ இறந்தால் அது டச்சிக்குப் போகும். தனியாக வாழ்ந்து முடித்த ஓர் ஆலைத் தொழிலாளியின் சேமிப்பு அப்படித்தான் அரச எஸ்டேட்டின் கணக்கில் சேர்கிறது. செலவு போக மிஞ்சுவது அறப்பணிகளுக்குத் தரப்படுவதாக டச்சி நிர்வாகங்கள் கூறுகின்றன. லங்காஸ்டர் டச்சியில் அந்தப் பணத்தின் ஒரு பகுதி வாடகைக்கு விடும் கட்டடங்களைப் புதுப்பிக்கச் செலவானதை 2023இல் கார்டியன் நாளிதழ் வெளிக்கொண்டுவந்தது. இடைக்காலச் சட்டம் ஒன்று 21ஆம் நூற்றாண்டில் உயிரோடு இருப்பதற்கு மரபு என்ற சமாதானம் போதாது.

வரி விஷயத்திலும் மரபு என்று சொல்லப்படுவது அத்தனை பழையதில்லை. 1842இல் வருமான வரி மீண்டும் வந்தபோது விக்டோரியா அரசி தாமாகவே அதைக் கட்ட முன்வந்தார். விலக்கு 20ஆம் நூற்றாண்டில் மெல்ல மெல்ல வளர்ந்தது. 1992 நவம்பர் 20 அன்று வின்ட்சர் கோட்டையில் தீப்பிடித்தது. சீரமைப்பை அரசே ஏற்கும் என்று அமைச்சர் அறிவித்ததும் மக்களிடம் கோபம் கிளம்பியது. சில நாட்களிலேயே எலிசபெத் அரசி வருமான வரி கட்டுவார் என்ற அறிவிப்பு வந்தது. அடுத்த ஆண்டு பக்கிங்காம் அரண்மனை பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டு, அந்த நுழைவுக் கட்டணத்திலிருந்தே சீரமைப்புச் செலவான 3.65 கோடி பவுண்டின் பெரும்பகுதி திரட்டப்பட்டது. மக்கள் கேட்டால் நடக்கும் என்பதற்கு அது சான்று. ஆனால் அந்த வரி இன்றும் சட்டப்படியானது இல்லை, மன்னர் விரும்பிக் கட்டுவது. ஒரு மன்னரிடமிருந்து அடுத்த மன்னருக்குப் போகும் சொத்துக்கு மரபுரிமை வரியும் கிடையாது. மற்றவர்கள் 3,25,000 பவுண்டுக்கு மேற்பட்ட சொத்துக்கு 40 விழுக்காடு கட்டுகிறார்கள்.

முடியாட்சியை ஆதரிப்பவர்கள் பணத்தை மட்டும் பேசுவதில்லை. அவர்களின் வலுவான வாதம் வேறு. கட்சிகளுக்கு அப்பால் நிற்கும் ஒருவர் நாட்டின் தலைவராக இருந்தால் அரசியல் சண்டை எல்லை மீறாது என்கிறார்கள். 1867இல் வால்டர் பேஜட் தமது அரசியலமைப்பு நூலில் ஆட்சியை நடத்தும் பகுதி, மக்களின் மதிப்பைக் கவரும் பகுதி என்று இரண்டாகப் பிரித்து, முடியை இரண்டாவதில் வைத்தார். ஸ்பெயினில் 1981 பிப்ரவரி 23 அன்று ராணுவத்தினர் சிலர் நாடாளுமன்றத்தைப் பிடித்தபோது மன்னர் ஹுவான் கார்லோஸ் தொலைக்காட்சியில் தோன்றி மக்களாட்சியின் பக்கம் நின்றார். இதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. அதே மன்னர் நிதி விவகாரங்களில் பெயர் கெட்டு 2020இல் நாட்டை விட்டு வெளியேறினார் என்பதும் அதே வரலாற்றின் தொடர்ச்சி. ஒருவர் நல்லவராக வாய்த்தது பரம்பரை முறையின் சாதனை என்றால் அவர் தவறியதும் அம்முறையின் கணக்கிலேயே வர வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டவர் தவறினால் மாற்ற வழியுண்டு. அயர்லாந்தும் ஜெர்மனியும் அதிகாரம் குறைந்த, கண்ணியமான குடியரசுத் தலைவர்களைப் பல பத்தாண்டுகளாகத் தேர்ந்தெடுத்துவருகின்றன. அதனால் அங்கே நாடு குலைந்துவிடவில்லை.

முடி வெறும் அலங்காரம் என்பதும் முழு உண்மையாகாது. தம் சொத்தையோ உரிமையையோ தொடும் மசோதா நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்படும் முன் மன்னரின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்ற நடைமுறை பிரிட்டனில் இருக்கிறது. எலிசபெத் ஆட்சியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மசோதாக்கள் அவ்வழியே சென்றன. ஸ்வீடன் இந்தச் சிக்கலை நேர்மையாகத் தீர்த்தது. 1974இல் நிறைவேற்றிய அரசியல் சட்டத்தின்படி பிரதமரை முன்மொழியும் பொறுப்பைக்கூட மன்னரிடமிருந்து எடுத்து நாடாளுமன்றச் சபாநாயகரிடம் கொடுத்துவிட்டது. மன்னரை வைத்துக்கொள்வதென்றால் அப்படி வைத்துக்கொள்வதே முறை.

மன்னர் இருப்பதால்தான் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள் என்ற வாதத்துக்கு நெடிய பதில் தேவையில்லை. மைசூர் அரண்மனையைக் காண ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் போகிறார்கள். உள்ளே ஆளும் மன்னர் இருக்கிறாரா என்று கேட்டு யாரும் சீட்டு வாங்குவதில்லை.

ஜப்பான் இந்த விஷயத்தின் இன்னொரு முகத்தைக் காட்டுகிறது. 1947இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் பேரரசக் குடும்பத்தின் சொத்து அனைத்தும் அரசுடையது, செலவு முழுவதும் நாடாளுமன்றம் ஒதுக்குவது என்று விதித்தது. நிலக் கொடை பற்றிய குழப்பத்துக்கு அங்கே இடமே இல்லை. ஆனால் அந்தக் குடும்பத்தின் வாழ்க்கையும் அரசின் பொறுப்பில் போய்விட்டது. பெண் அரியணை ஏற முடியாது. குடும்பத்துக்கு வெளியே மணம் செய்துகொள்ளும் இளவரசி அரச நிலையை இழக்க வேண்டும். 2017இல் இளவரசி மாகோ தம்முடன் படித்தவரை மணக்க விரும்பியபோது, காதலரின் தாயாருடைய கடன் தகராறைப் பிடித்துக்கொண்டு ஏடுகளும் பொதுமக்களும் ஆண்டுக்கணக்கில் அவரை வாட்டினார்கள். மக்கள் பணத்தில் வாழ்பவர் என்பதால் அவர் யாரை மணக்கலாம் என்று சொல்லும் உரிமை தங்களுக்கு இருப்பதாக நினைத்தார்கள். வெளியேறும் இளவரசிக்கு வழக்கமாகத் தரப்படும் பெருந்தொகையை மாகோ வேண்டாம் என்று மறுத்தார். பரம்பரை மானியம் கொடுப்பவருக்கு மட்டும் சுமை என்று நினைப்பது தவறு. பிறக்கும்போதே ஒரு குழந்தையின் படிப்பு, மதம், திருமணம், பேச்சு எல்லாவற்றையும் நாடு எழுதி வைப்பது அந்தக் குழந்தைக்குச் செய்யும் அநீதி. முடியாட்சியை நேசிப்பதாகச் சொல்பவர்கள் இதைத்தான் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்தியா இந்தக் கேள்வியைத் தன் வழியில் சந்தித்து முடித்த நாடு. பிரிட்டனைப் போலன்றி இங்கே கொடுக்கல் வாங்கல் உண்மையாகவே நடந்தது. ஐந்நூறுக்கு மேற்பட்ட சமஸ்தானங்கள் ஆட்சியையும் நிலத்தையும் கருவூலத்தையும் ஒப்படைத்தன. பதிலுக்கு வரியில்லாத மன்னர் மானியத்தை அரசியல் சட்டத்தின் 291ஆம் பிரிவு உறுதிசெய்தது. மைசூருக்கு ஆண்டுக்கு 26 லட்சம் ரூபாய். சௌராஷ்டிரத்தின் கடோடியாவுக்கு 192 ரூபாய். நாட்டை ஒன்றாக்கியதற்கு இது சிறிய விலை என்று 1949 அக்டோபரில் அரசியல் நிர்ணய சபையில் வல்லபபாய் படேல் வாதிட்டார். அன்றைக்கு அது சரியான வாதம். இருபதாண்டுகள் கழித்து, மானியம் வாங்கிய சுமார் 280 பேருக்கு ஆன செலவு ஐந்து கோடி ரூபாய்க்கும் குறைவு. தொகையைவிட அதன் பொருள்தான் உறுத்தியது. பிறப்பினால் யாரும் உயர்ந்தவரில்லை என்று சொல்லும் சட்டப் புத்தகமே, பிறந்ததற்காகச் சிலருக்குப் பணம் தரும் பிரிவையும் வைத்திருந்தது.

ஒழித்த விதம் செம்மையாக இல்லை. 1970 செப்டம்பரில் மக்களவை நிறைவேற்றிய மசோதா மாநிலங்களவையில் 149க்கு 75 என்ற கணக்கில், மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு வாக்குக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றது. உடனே குடியரசுத் தலைவரின் ஆணை மூலம் மன்னர்களின் அங்கீகாரம் ரத்துசெய்யப்பட்டது. அதை எதிர்த்த வழக்கில் நானி பல்கிவாலா மன்னர்களுக்காக வாதாடினார். டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்று தீர்ப்பளித்தது. தேர்தலில் பெரும் வெற்றி பெற்று வந்த பிறகு, 1971 டிசம்பரில் 26ஆவது திருத்தத்தின் மூலம் இந்திரா காந்தி அரசு மானியத்தை முடித்துவைத்தது. கொடுத்த வாக்கை மீறலாமா என்று ராஜாஜியின் சுதந்திராக் கட்சி கேட்ட கேள்வி நியாயமானது. ஒப்பந்தம் செய்த தலைமுறையின் ஆயுள் வரை கொடுத்து, வாரிசுகளுக்கு ஓர் இழப்பீட்டுடன் முடித்திருந்தால் அந்தக் கேள்விக்கும் மரியாதை கிடைத்திருக்கும். ஆனாலும் முடித்தது சரி. 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணைந்த புதுக்கோட்டையில், தொண்டைமான் மன்னரின் அரண்மனை இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்குப் பட்டா கேட்டும் முதியோர் உதவித்தொகை கேட்டும் வருகிறவர்கள் மனுவோடு அந்த வளாகத்துக்குத்தான் வருகிறார்கள். அரசாங்கக் கட்டடம் யாருக்காக இருக்க வேண்டுமோ அவர்களுக்காக அது இருக்கிறது.

ஆனால் தப்பி நிற்பதும் ஒன்று உண்டு. 1855இல் கர்நாடக நவாப் வாரிசின்றி இறந்ததும் ஆங்கிலேயர் நவாப் பட்டத்தை ஒழித்து, சேப்பாக்கம் அரண்மனையையும் எடுத்துக்கொண்டார்கள். பின்னர் விக்டோரியா அரசியின் சாசனத்தின்படி அக்குடும்பத்துக்கு ஆற்காடு இளவரசர் என்ற பட்டமும் பரம்பரை ஓய்வூதியமும் கிடைத்தன. அது சமஸ்தான மானியமாகக் கருதப்படாததால் 1971இன் திருத்தம் அதைத் தொடவில்லை. ராயப்பேட்டை அமீர் மகாலில் வாழும் அக்குடும்பத்துக்கு இந்தியக் குடியரசு இன்றும் அதைத் தருகிறது. தொகை மிகச் சிறியது. அக்குடும்பத்தின் மீது குறை சொல்லவும் எதுவுமில்லை. ஆனால் பரம்பரைக்கு என்று ஒருமுறை தொடங்கிய கொடுப்பனவு, தொடங்கிய பேரரசே போன பிறகும் நிற்காது என்பதை இது காட்டுகிறது.

பிரிட்டன் நாளைக்கே குடியரசாக மாற வேண்டும் என்று வெளியே இருப்பவர்கள் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை. ஒரு நாட்டுக்குத் தலைவர் வேண்டும். அவருக்கு மாளிகையும் வண்டியும் ஊழியரும் வேண்டும். அந்தச் செலவு நியாயமானது. பதவிக்குத் தரலாம், பரம்பரைக்குத் தரக் கூடாது என்பதே அளவுகோல். அந்த அளவுகோலில் பார்த்தால் காற்றாலை லாபத்தோடு கட்டிய மானியத்தை அவிழ்த்து, ஆண்டுதோறும் நாடாளுமன்றம் தேவை பார்த்து வாக்களிக்கும் தொகையாக்க வேண்டும். இரண்டு டச்சிகளும் கருவூலத்துக்கு வர வேண்டும். வரி சட்டத்தால் வர வேண்டும். காவல் செலவின் மொத்தத் தொகையாவது மக்களுக்குத் தெரிய வேண்டும். அதன் பிறகும் மன்னர் வேண்டும் என்று மக்கள் சொன்னால், அது அவர்கள் தெரிந்து எடுத்த முடிவாக இருக்கும். இத்தாலி 1946இலும் கிரேக்கம் 1974இலும் தம் மக்களிடம் நேரடியாகக் கேட்டன. பிரிட்டிஷ் மக்களிடம் இந்தக் கேள்வியை எந்த அரசும் இதுவரை வாக்கெடுப்புக்கு விட்டதில்லை.